வேடமும் விடுதலையும்: பிலிப்பைன்ஸ் அரங்கில் றிசாலும் போனிபாசியோவும்

வடமராட்சியின் வடகரையிலே அமைந்த வல்வெட்டித்துறை, கடலோடிகளின் ஊர் என்றே பெரிதும் அறியப்படுவது. அவ்வூரிலே கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், கடல்கள் பல கடந்து 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த செய்தி ஈழத்துக் கடலோடி வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றுவிட்டது. ஆயின், கடலோடு வாழ்ந்த இம்மக்கள் நிலத்திலே கொண்டாடிய இரவுகளும் வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியவை. முத்துமாரியம்மன் கோயிற் திருவிழாவும், சித்திரைப் பௌர்ணமியில் ஊர் முழுவதும் ஒளிபெறும் இந்திர விழாவும் வல்வையின் பொதுவாழ்வோடு பிணைந்தவை. அம்மன் வழிபாடு வேரூன்றிய வடமராட்சிச் சூழலில், விடியும்வரை ஆடப்பெற்று வந்த கூத்துக்களுள் காத்தவராயன் கூத்துக்குத் தனியிடம் உண்டு.

காத்தவராயன் கழுவேறப் போகிறான் என்பதைப் பார்வையாளர் அனைவரும் முன்னரே அறிவர். அவன் பாடும் பாடல்களும் அவர்களுக்கு மனனமானவை. அவ்வாறிருந்தும், கழுமரம் நாட்டப்பட்ட கட்டத்திலே தாய்மார் கண்கலங்குகின்றனர். ‘அடுத்து என்ன நிகழும்?’ என்னும் ஆவல் அன்று அவர்களை விழித்திருக்கச் செய்வது. அதிகாரத்தின் கையிலே அகப்பட்ட ஒருவனின் துன்பத்தில் தாமும் பங்குகொள்ளும் உணர்வே அவர்களை அவ்விடத்திற் பிணித்து வைக்கின்றது. மரபுவழி அரங்கின் இவ்வாற்றல், அந்நிய ஆட்சிக்குட்பட்ட ஒரு நாட்டிலே அரசியல் ஆற்றலாகவும் மாறக்கூடும். அவ்வாறு மாறியமைக்குச் சிறந்த சான்று, வங்கக் கடலுக்கும் மலாயாவுக்கும் அப்பால், பிலிப்பைன்ஸ் தீவுகளின் வரலாற்றிலே கிடைக்கின்றது. ஆங்கு விடுதலை வேண்டி நின்ற தலைவர்கள் மேடையிலே எவ்வாறு சித்திரிக்கப்பட்டனர், ஆட்சியாளரின் தடை அச்சித்திரிப்பை எவ்வாறு உருமாற்றியது, தடை நீங்கிய பின்னர் நேர்ந்தது யாது என்பனவற்றை ஆராய்ந்து, தமிழ் அரங்கின் அனுபவத்தோடு அவற்றை ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நடிகனாயிருந்த புரட்சியாளன்

பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1898 வரை பிலிப்பைன்ஸ் ஸ்பானியரின் ஆட்சியில் இருந்தது. ஸ்பானியப் பாதிரிமார் மதத்தோடு இரு நாடக மரபுகளையும் அங்கு வளர்த்தனர். ஒன்று, தவக்காலத்திலே கிறிஸ்துவின் பாடுகளை நடித்துக் காட்டும் ‘சினாக்குலோ’. மற்றையது, கிறிஸ்தவ அரசர்க்கும் முஸ்லிம் அரசர்க்கும் இடையிலான போர்களைக் காட்டும் ‘மொறோ-மொறோ’. பின்னையதில் வாட்போரும் அணிநடையும் நீண்ட செய்யுட் பேச்சும் மிகுதி. இறுதியில் வெற்றி கிறிஸ்தவப் பக்கத்துக்கே என்பது மாறாத விதி. மூவிராசாக்களையும் எஸ்தாக்கியாரையும் கூத்துக்களிற் கண்ட யாழ்ப்பாணக் கரையோரக் கத்தோலிக்க மக்களுக்கு இவ்வகை அரங்கு முற்றிலும் அந்நியமானதன்று.

ஆட்சியாளரின் மேன்மையைக் காட்டவென வளர்க்கப்பட்ட இவ்வரங்கிலேதான், அவ்வாட்சியை வீழ்த்தப் புறப்பட்ட ஒருவன் நடிகனாகப் பயின்றான் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. மணிலாவின் தொண்டோ பகுதியில் 1863 நவம்பர் 30 இற் பிறந்த அந்திரேஸ் போனிபாசியோ, இளமையிலே பெற்றோரை இழந்து, கைத்தடிகளும் காகித விசிறிகளும் செய்து விற்றுத் தம்பி தங்கையரைக் காத்தவன். பின்னர் வணிக நிறுவனங்களில் ஊழியம் புரிந்தான். ஓய்வு நேரங்களில் ‘தியாத்ரோ பொர்வெனிர்’ என்னும் நாடகக் குழுவோடு சேர்ந்து மொறோ-மொறோ நாடகங்களில் நடித்தான். அவனோடு தொடர்புகொண்டிருந்த அரங்கத் தோழர்களுள் அவுறேலியோ தொலெந்தினோ, மக்காரியோ சக்காய் ஆகிய இருவரும் பின்னாளில் விடுதலைப் போராட்ட வரலாற்றிற் பெயர் பெற்றனர்.

போனிபாசியோ விரும்பி ஏற்ற பாத்திரம் பெர்னார்தோ கார்ப்பியோ என்பதாகும். இவன் மூலத்தில் ஸ்பானியக் கதைப்பாடலொன்றின் வீரன். ஆயின், தகாலோக் மொழி பேசும் மக்கள் அவனைத் தம் மண்ணுக்கு உரியவனாக்கிக் கொண்டனர். மொந்தால்பான் மலைப்பிளவிலே அவன் சிறைப்பட்டுக் கிடக்கின்றான் என்றும், அவன் விலங்கறுக்க முயலும்போதே நிலம் அதிர்கின்றது என்றும், ஒருநாள் விடுபட்டு வந்து மக்களை மீட்பான் என்றும் அவர்கள் நம்பினர். 1895 ஏப்பிரலில், பெரிய வியாழன், பெரிய வெள்ளி ஆகிய புனித நாட்களையொட்டி, போனிபாசியோவும் தொலெந்தினோ முதலிய தோழர்களும் அம்மலைக் குகைக்கே சென்று, பிலிப்பைன்ஸின் சுதந்திரத்தை வாழ்த்தும் சொற்களை அதன் சுவரிலே கரியால் எழுதினர். மேடையில் ஏற்ற வேடத்துக்கும் வாழ்வில் ஏற்ற பணிக்கும் இடையிலிருந்த எல்லை அங்கு மங்கிவிட்டது எனலாம். 1892 ஜூலை 7 இல் அவன் தோழர்களோடு நிறுவிய ‘கத்திபூனான்’ என்னும் இரகசிய இயக்கம், 1896 ஓகஸ்டில் வெளிப்படையான ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியது.

பாடுகளின் மரபும் றிசாலின் மரணமும்

அக்கிளர்ச்சிக்குத் தலைவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டவர் போனிபாசியோ அல்லர். ஹோசே றிசால் ஆவார். 1861 ஜூன் 19 இல் கலம்பா என்னும் ஊரிற் பிறந்த றிசால், கண் மருத்துவர், கவிஞர், நாவலாசிரியர், பன்மொழி வல்லுநர். 1882 மே மாதத்தில் முதன்முறையாக ஐரோப்பாவுக்குப் பயணஞ் செய்கையிற் காலியிலும் கொழும்பிலும் தங்கிச் சென்றவர் என்ற வகையில், இலங்கையரோடும் அவருக்கொரு சிறு தொடர்பு உண்டு. 1887 இற் பெர்லினிலும் 1891 இற் கெந்த் நகரிலும் அவர் வெளியிட்ட இரு நாவல்களும் பாதிரிமாரின் அதிகாரத்தையும் குடியேற்ற ஆட்சியின் கொடுமையையும் தோலுரித்துக் காட்டின. நாடகமும் அவர்க்குப் புதிதன்று. பத்தொன்பது வயதிலேயே ‘பாசிக் ஆற்றருகே’ என்னும் பொருள்படும் சிறு நாடகமொன்றை எழுதி, 1880 டிசம்பர் 8 இல் அது தாம் கற்ற கல்லூரியில் நடிக்கப்படக் கண்டவர் அவர்.

றிசாலின் அரசியல் நிலைப்பாடு எளிதில் வரையறுக்க முடியாதது. கல்வியும் ஒழுக்கமும் வளர்ந்த பின்னரே விடுதலை பயன்தரும் என அவர் எண்ணினார். நாடுகடத்தப்பட்டுத் தப்பித்தான் என்னும் ஊரில் நான்கு ஆண்டுகள் வாழ்ந்த காலத்தில், பள்ளி நடத்தினார், நோயாளரைக் கவனித்தார், ஊருக்கு நீர் கொண்டுவரும் வழி அமைத்தார். 1896 இற் கத்திபூனானின் தூதர் ஒருவர் அங்கு வந்து கிளர்ச்சித் திட்டத்தைக் கூறியபோது, காலம் கனியவில்லை, படைக்கலமும் போதாது என அவர் மறுத்தார். அவ்வியக்கத்தினரோ அவரது படத்தைத் தம் கூட்ட அறைகளில் மாட்டியிருந்தனர். அவர் அறியாமலே அவரது பெயரைத் தம் எழுச்சிச் சொல்லாகக் கொண்டிருந்தனர். சிறையிலிருந்தபோது, 1896 டிசம்பர் 15 இல், கிளர்ச்சியைக் கண்டித்து நாட்டு மக்களுக்கு ஓர் அறிக்கை எழுதினார். ஆயினும், மக்களின் உரிமைகளை அவ்வறிக்கை மறுக்கவில்லையாதலின் ஸ்பானிய அதிகாரிகள் அதனை வெளியிட விரும்பவில்லை. கிளர்ச்சியைக் கண்டித்தவரையே கிளர்ச்சிக் குற்றத்துக்காக 1896 டிசம்பர் 30 காலையிற் பாகும்பாயான் வெளியிலே சுட்டுக் கொன்றனர்.

அம்மரணத்தின் காட்சி இயல்பாகவே நாடகத் தன்மை பெற்றது. துரோகியைப் போலப் புறங்காட்டி நிற்குமாறு பணிக்கப்பட்ட றிசால், குண்டு பாய்ந்த கணத்தில் உடலைத் திருப்பி, முகம் வானை நோக்க விழுந்தார். அதற்கு முன்னர், ஒரு சிறு அடுப்பினுள் மறைத்துத் தம் இறுதிக் கவிதையை வீட்டாரிடம் சேர்ப்பித்திருந்தார். வரலாற்றாசிரியர் றெய்னால்டோ இலெத்தோ, 1979 இல் வெளிவந்த தம் நூலிலே இக்காலத்தைப் பற்றி முக்கியமானதொரு கருத்தை முன்வைத்தார். தவக்காலந்தோறும் மக்கள் பாடிவந்த கிறிஸ்துவின் பாடுகளே, அவர்களின் அரசியல் எண்ணங்களுக்கும் மொழியை வழங்கின என்பது அவர் வாதமாகும். குற்றமற்றவர் தீர்ப்பளிக்கப்படுவதும், அமைதியோடு கொலைக்களம் செல்வதும், தாயும் உற்றாரும் அழுது நிற்பதும் மக்கள் நெடுங்காலமாக அறிந்த காட்சிகள். ஆகவே, பாகும்பாயானில் நிகழ்ந்ததை விளங்கிக் கொள்ள அவர்களுக்குப் புதிய அரசியற் கோட்பாடு வேண்டியிருக்கவில்லை. தவக்காலத்திலே வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டு உருகிய யாழ்ப்பாண மக்களும், காத்தானின் கழுமரத்தருகே கலங்கிய வடமராட்சித் தாய்மாரும் இவ்விளக்கத்தின் உண்மையை எளிதில் உணர்வர்.

கொடியாக மாறிய ஆடைகள்

1898 ஜூன் 12 இற் பிலிப்பைன்ஸ் தன் சுதந்திரத்தைப் பிரகடனஞ் செய்தது. ஆயின், அவ்வாண்டு டிசம்பரில் ஸ்பெயினும் அமெரிக்காவும் பரிசில் கையெழுத்திட்ட உடன்படிக்கையினால், இரண்டு கோடி டொலருக்கு அத்தீவுகள் அமெரிக்காவின் கைக்கு மாறின. 1899 பெப்ரவரியில் மீண்டும் போர் மூண்டது. 1901 நவம்பரில் இயற்றப்பட்ட இராசத்துரோகச் சட்டம், போர் முடியும்வரை சுதந்திரத்தைப் பேச்சாலோ எழுத்தாலோ வற்புறுத்துவதையே குற்றமாக்கியது. பத்திரிகை அடங்கிய அந்நிலையில், மேடை பேசத் தொடங்கியது.

முதலில் அனுமதிக்கப்பட்டவை, வெளியேறிய ஸ்பானியரைச் சாடிய நாடகங்களே. செவெரினோ றெயெஸ் எழுதி 1902 ஜூனில் மணிலாவில் அரங்கேறிய ‘காயமில்லை’ என்னும் இசைநாடகம், 1896 ஆம் ஆண்டுப் புரட்சியைப் பின்னணியாகக் கொண்டு பாதிரிமாரின் கொடுமையைக் காட்டியது. புதிய ஆட்சியாளர் அதனைத் தடுக்கவில்லை. பழைய எசமானனைத் தூற்றுவது புதிய எசமானனுக்கு இன்பமாகவே இருந்திருக்கும். ஆயின், அடுத்து வந்த நாடகாசிரியர்கள் அவ்வெல்லையோடு நின்றுவிடவில்லை.

ஹுவான் ஆபாத்தின் ‘பொன் விலங்கு’ 1902 இல் மேடையேறியது. அதிலே ‘ஒளி’ என்னும் பெயருடைய பெண்ணுக்கு, ‘பேராசைக்காரன்’ எனப் பெயர் தாங்கியவன் பொன்னணி ஒன்றை அன்பளிப்பாகத் தருகிறான். அவ்வணியே அவளைக் கட்டும் விலங்காகின்றது. மேற்போக்காகப் பார்ப்பவர்க்கு இது காதற் கதை. மணிலா மக்களுக்கோ, பள்ளிக்கூடமும் சாலையும் தந்து சுதந்திரத்தைப் பறித்த ஆட்சியின் கதை. 1903 மேயிலே நாடகம் தடைசெய்யப்பட்டது, ஆபாத் கைதானார். அதே மாதத்தில், மலபோன் என்னும் ஊரில் ஹுவான் மத்தாப்பாங் குரூஸின் ‘நான் இறக்கவில்லை’ என்னும் நாடகம் நடைபெற்றது. இறந்துவிட்டான் எனக் கருதப்பட்ட வீரன் சவப்பெட்டியிலிருந்து எழுந்து தான் இறக்கவில்லை எனக் கூறும் கட்டமே அதன் உச்சம். புரட்சி மடிந்துவிட்டது என அறிவித்த அரசுக்கு அது நேரடியான மறுமொழி. கத்திபூனானின் அடையாளமாகிய உதய சூரியன் மேடையிலே செந்நிறத்தில் எழுந்ததும், மதுவருந்தியிருந்த அமெரிக்கப் படைவீரன் ஒருவன் அதன்மீது போத்தலை வீசினான். அவன் தோழர்கள் மேடையிலேறித் திரைகளைக் கிழித்தெறிந்தனர்.

1903 மே 14 இல் தொலெந்தினோவின் ‘நேற்று, இன்று, நாளை’ மணிலாவில் அரங்கேறியது. தாய்நாடு ஒரு தாயாகவும், தகாலோக் மக்கள் ஒரு வீரனாகவும், ஸ்பெயின் ‘கண்திறந்த குருடி’யாகவும், அமெரிக்கா ‘புதுத்தளிர்’ ஆகவும் அங்கே உருப்பெற்றனர். காலம் மூன்றையும் ஒரே மேடையிற் காட்டி, நாளை விடுதலை உறுதி என நாடகம் முடிந்தது. போனிபாசியோவோடு மலைக்குகைக்குச் சென்ற அதே தொலெந்தினோ இதனால் இராசத்துரோகக் குற்றத்துக்கு உள்ளானார். அவர்மீதான தீர்ப்பை 1906 இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அரங்கத் தோழர் சக்காயோ மேடையை விட்டு மலைக்குச் சென்று போராட்டத்தைத் தொடர்ந்து, 1907 செப்டெம்பர் 13 இற் தூக்கிலிடப்பட்டார்.

இந்நாடகங்களைப் பற்றிப் பகைமையோடு எழுதியவரான ஆதர் றிக்ஸ் என்னும் அமெரிக்கர், தம்மையறியாமலே அரியதொரு சான்றை விட்டுச் சென்றுள்ளார். நடிகர்களின் ஆடைகளும் நிறங்களும், அவர்கள் தனித்தனியே நிற்கும்போது எப்பொருளும் தராதவாறு அமைக்கப்பட்டிருந்தன. குறித்த ஒரு கணத்தில் அவர்கள் தற்செயலாக ஓடிவந்து கூடுவது போல நெருங்கி நிற்பர். அப்பொழுது பிலிப்பைன்ஸின் கொடி மேடையிலே உருவாகும். கூட்டம் ஆர்ப்பரிக்கும். சில விநாடிகளில் நடிகர்கள் பிரிந்துவிடுவர், கொடியும் மறைந்துவிடும். அதிகாரியிடம் ஒப்படைத்த எழுத்துப் பிரதியில் அதற்கு எச்சான்றும் இராது.

இத்தகைய நாடகங்களில் றிசாலோ போனிபாசியோவோ தம் சொந்தப் பெயரோடு முன்னிற்கவில்லை என்பது மனங்கொளத்தக்கது. பெயர் கூறப்படாத இடத்தைப் பார்வையாளர் தம் நினைவால் நிரப்பினர். சவப்பெட்டியிலிருந்து எழுந்தவன் யார் என்று எவரும் சொல்லவில்லை. எவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. ஆட்சியாளரின் தடை வீரனை மேடையிலிருந்து அகற்ற முயன்றது. உண்மையில், அவனைப் பார்வையாளரின் உள்ளத்துக்குள் அது இடம்பெயர்த்தது.

தமிழ் அரங்கின் இணைநிலை

இவ்வனுபவம் தமிழ் மேடைக்கும் பொதுவானதே. இந்தியாவில் 1876 இற் பிரித்தானியர் இயற்றிய நாடக நிகழ்த்துகைச் சட்டம், அரசுக்கு எதிரானவை எனக் கருதப்பட்ட நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை அதிகாரிகளுக்கு வழங்கியது. தெ. பொ. கிருஷ்ணசாமிப் பாவலரின் ‘கதரின் வெற்றி’ (1922) போன்ற நேரடியான தேசிய நாடகங்கள் இச்சூழலிற் பெருந்தடைகளை எதிர்கொண்டன. ஆயின், வள்ளி திருமணத்தைத் தடைசெய்வதற்கு எவ்வதிகாரியாலும் காரணங் காட்ட முடியவில்லை. எஸ். எஸ். விசுவநாததாஸ் முருகன் வேடம் பூண்டு, தினைப்புனத்திலே பறவைகளை ஓட்டும் கட்டத்தில் வெள்ளைக் கொக்குகளைப் பற்றிப் பாடியபோது, அக்கொக்குகள் எந்நாட்டவை என்பதை மக்கள் அறிந்தனர், காவலரும் அறிந்தனர். மதுரகவி பாஸ்கரதாஸின் பாடல்கள் அவர் குரலிலே ஊரூராகச் சென்றன. பலமுறை சிறைசென்ற அக்கலைஞர், 1940 இற் சென்னையிலே முருகன் வேடத்தோடு மேடையில் அமர்ந்தவாறே உயிர் நீத்தார்.

மணிலாவிலும் மதுரையிலும் நிகழ்ந்தவற்றை ஒப்புநோக்கின், இரண்டு உண்மைகள் புலனாகும். தடைச்சட்டத்தை முறியடித்தது புதிய நாடக உத்தி மட்டுமன்று. மக்கள் முன்னரே அறிந்த மரபுக்கதையே அதற்குப் பெருந்துணையாயிற்று. இது முதலாவது. அவ்வரங்கிலே பார்வையாளரும் பாதி நாடகாசிரியராக இருந்தனர் என்பது இரண்டாவது. கொக்கு என்ற சொல்லை நடிகர் தந்தார். அதன் பொருளைக் கூட்டம் தந்தது.

அனுமதிக்கப்பட்ட வீரர்

அமெரிக்க ஆட்சி ஒருபுறம் தொலெந்தினோவைத் தண்டித்தது. மறுபுறம் றிசாலைப் போற்றியது. 1901 இல் ஒரு மாகாணத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1902 இல் டிசம்பர் 30 அவர் நினைவு நாளாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. அவர் வீழ்ந்த இடத்தருகே 1913 டிசம்பர் 30 இல் நினைவுச்சின்னம் திறந்து வைக்கப்பட்டது. ஸ்பானியராற் கொல்லப்பட்டவர், ஆயுதக் கிளர்ச்சியை ஏற்காதவர், கல்வியை வற்புறுத்தியவர் என்ற முறையில் அவர் ஆட்சியாளருக்கு உவந்த வீரராக இருந்தார். போனிபாசியோவை அவ்வாறு கொள்ள முடியவில்லை. வரலாற்றாசிரியர் றெனாத்தோ கொன்ஸ்தாந்தினோ, 1969 ஆம் ஆண்டு றிசால் நாளில் ஆற்றிய உரையில் இதனைச் சுட்டிக்காட்டி, விளங்கிக் கொள்ளாத வழிபாடு றிசாலுக்கே இழைக்கப்படும் அநீதி எனக் கடிந்துரைத்தார். அமெரிக்கர் உயர்த்தினர் என்பதால் மட்டும் றிசால் சிறியவராகிவிடார். அமெரிக்கர் வருமுன்னரே மக்கள் அவரைத் தம்மவராகக் கொண்டிருந்தனர். ஆயினும், அவரது உருவம் எவர் கையால் மேடையேற்றப்பட்டது என்னும் வினா தவிர்க்க முடியாததாயிற்று.

இதற்கு விளக்கமாக அமைந்த நிகழ்ச்சி 1912 ஓகஸ்டில் நடைபெற்றது. எட்வர்ட் மேயர் குறோஸ் என்னும் அமெரிக்கர், தாம் எழுதி மேடையேற்றிய றிசால் நாடகத்தைத் திரைப்படமாக்க முற்பட்டார். நாடகத்தில் நடித்தவர்களே படத்திலும் நடித்தனர். இதனை அறிந்த அல்பேட் யேர்ஸ்லி என்னும் மற்றோர் அமெரிக்கர், றிசால் சுட்டுக்கொல்லப்பட்ட நிகழ்ச்சியை மட்டும் விரைந்து படமாக்கி முந்திக்கொண்டார். இரு படங்களும் சில நாள் இடைவெளிக்குள் மணிலாவிற் காட்டப்பட்டன. பிலிப்பைன்ஸின் முதற் கதைப்படங்கள் என இன்று கொள்ளப்படுவன இவையே. பத்தாண்டுகளுக்கு முன்னர் குறிப்பாலன்றிச் சுட்ட முடியாதிருந்த விடுதலை உணர்வின் நாயகர், இப்பொழுது போட்டி வணிகத்தின் பொருளாகிவிட்டார்.

1946 ஜூலை 4 இல் நாடு சுதந்திரம் பெற்றது. 1956 இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, றிசாலின் வாழ்வையும் நூல்களையும் கல்லூரிகளிற் பாடமாக்கியது. அடுத்த ஆண்டில் அவரது முதல் நாவல் இசைநாடகமாக அரங்கேறியது. பேலிப்பே த லெயோன் இசையமைத்த அந்நாடகத்துக்குப் பாடற்பிரதி எழுதியவர், கலூக்கானிற் போனிபாசியோ நினைவுச்சின்னத்தைச் செதுக்கிய சிற்பி கில்லெர்மோ தொலெந்தினோ ஆவார். தடை நீங்கிவிட்டது, பணமும் மண்டபமும் கிடைத்தன. எனினும், புதியதோர் இடர் தோன்றிற்று. எல்லாரும் ஏற்றுக்கொண்ட வீரரை மேடையிலே எவ்வாறு உயிருள்ள மனிதராகக் காட்டுவது என்பதே அது.

றிசாலின் வாழ்வில் நாடகத்துக்கு உரிய முரண்கள் பல. கிளர்ச்சியைக் கண்டித்தவர் கிளர்ச்சியின் பெயராகிறார். பாதிரிமாரை எதிர்த்தவர், இறக்குமுன் தம் கருத்துக்களைக் கைவிட்டு மதத்தோடு இணங்கிக் கையெழுத்திட்டார் என்னும் சர்ச்சை இன்றும் ஓயவில்லை. போனிபாசியோவின் வாழ்வோ இன்னும் கொடிய முரணில் முடிவது. 1897 மார்ச்சிலே தெஹெறோஸ் மாநாட்டில் தலைமையை எமிலியோ ஆகினால்டோவிடம் இழந்தான். தேர்தலை ஏற்க மறுத்தமையால், தன் சொந்தப் புரட்சி அரசின் இராணுவ நீதிமன்றத்திலே தேசத்துரோகக் குற்றஞ்சாட்டப்பட்டான். மே 10 இல், தம்பி புறொக்கோப்பியோவோடு, தன் நாட்டவர் கையாலேயே கொல்லப்பட்டான். மொறோ-மொறோவில் நல்லவன் எவன், தீயவன் எவன் என்பது உடையிலேயே தெரியும். மராகொந்தோன் மலையடிவாரத்தில் இருபக்கத்தாரும் ஒரே உடையில் நின்றனர். அதனைக் காட்டுவதற்குப் பழைய அரங்கிடம் இலக்கணம் இருக்கவில்லை.

நூற்றாண்டின் இறுதியிலே இவ்விடர் திரைக்கலையில் வெளிப்படையாகவே விவாதிக்கப்பட்டது. 1998 இல் மரிலு டியாஸ்-அபாயா இயக்கிய பெரும்படம், றிசாலின் வாழ்வை விரிவாகக் காட்டியது. மறு ஆண்டில் மைக் டி லியோன் உருவாக்கிய ‘மூன்றாம் உலக வீரன்’ என்னும் படமோ, றிசாலைப் படமாக்க எண்ணும் இரு கலைஞர்கள் அவரது குடும்பத்தாரையும் அவரையுமே விசாரணை செய்து, ஒருமுடிவுக்கும் வரமுடியாது நிற்பதைக் காட்டுகின்றது. வீரரைச் சித்திரிக்க முடியாமையையே சித்திரித்த அப்படம், வழிபாட்டிலிருந்து விளக்கத்துக்குச் செல்லும் வழியிலே ஒரு முக்கியமான படியாகும்.

சங்கிலியும் கட்டபொம்மனும்

இவ்விடர் பிலிப்பைன்ஸுக்கு மட்டும் உரியதன்று. சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி கணேசன் 1957 முதல் மேடையில் நடித்து, 1959 இற் திரைப்படமாக வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ தமிழ் மக்கள் நினைவிலே ஆழப் பதிந்தது. 1799 ஒக்ரோபர் 16 இற் கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்ட பாளையக்காரரின் குரல், இன்று பலருக்கும் அந்நடிகரின் குரலாகவே கேட்கின்றது. கட்டபொம்மனின் வரலாற்று நிலை குறித்து ஆய்வாளரிடையே எழுந்த விவாதங்கள் அக்குரலின் முழக்கத்திலே பெரும்பாலும் அமுங்கிவிட்டன.

ஈழத்திலே, வல்வெட்டித்துறைக்கு அண்மையிலுள்ள புலோலியைச் சேர்ந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை (1903–1968) இதே வினாவை எதிர்கொண்டார். யாழ்ப்பாணப் பேச்சுவழக்கை மேடைக்குக் கொணர்ந்து, பல்கலைக்கழக மாணவர் நடிக்க நாடகங்கள் எழுதிய அவர், 1956 இற் ‘சங்கிலி’ என்னும் வரலாற்று நாடகத்தை வெளியிட்டார். நாடகத்தோடு வரலாற்று முன்னுரையையும் அவர் சேர்த்தமை கருதத்தக்கது. சங்கிலி என்ற பெயர் தாங்கிய அரசர் இருவர், அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில், யாழ்ப்பாணத்தை ஆண்டனர். ஒருவன் 1544 இல் மன்னாரிலே புதிதாக மதம் மாறியோரைக் கொல்வித்தவன். மற்றவன் 1619 இற் போர்த்துக்கேயரிடம் அரசை இழந்து, கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டவன். மக்கள் நினைவிலே இருவரும் பெரும்பாலும் ஒருவராகி, அந்நியரை எதிர்த்த வீரனின் உருவம் பெற்றுவிட்டனர். மன்னார்க் கத்தோலிக்கரின் நினைவிலே அதே பெயர் வேறொரு நிழலைத் தாங்கி நிற்கின்றது. இவ்விரு நினைவுகளையும் ஒருங்கே ஏற்கும் மேடையே வரலாற்று நாடகத்தின் மேடையாகும். ஒன்றை மட்டும் ஏற்பது விழா மேடையாகவே அமையும்.

முடிவுரை

அந்நிய ஆட்சிக் காலத்திலே, வீரனை மறைத்துக் காட்டுவது மேடையின் கடமையாக இருந்தது. அக்கடமையை மணிலாவின் நடிகரும் தமிழகத்தின் நடிகரும் சிறையையும் வறுமையையும் ஏற்று நிறைவேற்றினர். பெயர் சொல்லாமையே அன்று அவர்களின் உண்மையாயிற்று. சுதந்திரம் பெற்ற பின்னர் அவ்வுத்தியின் தேவை நீங்கிற்று. ஆனால் அதன் உள்ளீடாயிருந்த ஒன்று நீங்கலாகாது. பொருளைப் பார்வையாளரே நிரப்பிக்கொள்ள வேண்டும் என்னும் நம்பிக்கையே அவ்வுள்ளீடு. எல்லாவற்றையும் தானே சொல்லி முடித்து, கைதட்டலை மட்டும் வேண்டும் மேடை, பார்வையாளரை மீண்டும் குடிமக்கள் என்ற நிலையிலிருந்து குடிபடைகள் என்ற நிலைக்கு இறக்கிவிடுகின்றது.

ஆகவே, றிசாலை மேடையேற்றுவோர் அவரது தயக்கத்தையும் மேடையேற்ற வேண்டும். போனிபாசியோவை மேடையேற்றுவோர் அவனைக் கொன்றவர் யார் என்பதையும் மறையாது காட்ட வேண்டும். சங்கிலியை மேடையேற்றுவோர்க்கு மன்னாரின் நினைவும் வேண்டும். வீரரின் பெருமை இதனாற் குறையாது. காத்தவராயன் குற்றமே அறியாதவன் என்று கூத்து ஒருபோதும் கூறியதில்லை. அவனது துடுக்கையும் மீறலையும் விடியும்வரை பாடிக்காட்டிய பின்னரே, கழுமரத்தருகே அது அவனை நிறுத்துகின்றது. அவனுக்காக அழுத வடமராட்சித் தாய்மார் அவனை முழுதும் அறிந்தே அழுதனர்.